பாறைக்கு எண்ணெய்க் குளியல்

நான் படியேறி வந்து நின்றபோது பாறை பளபளத்துக்கொண்டிருந்தது. வெயிலால் வந்த பளபளப்பு இல்லை. கிட்டே போய் விரலால் தொட்டேன், வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்.

குடுமியான்மலைக் கோயிலை ஒட்டிய குன்றின் சரிவில் இருக்கிறது அந்த இசைக் கல்வெட்டு. ஓர் அறையின் சுவரளவு இருக்கும் பாறைமுகம். ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனை எழுத்திலும் எண்ணெய் தேங்கி நின்றது. போதாததற்கு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு குங்குமப் பொட்டு.

பாறையின் அடியில் வெள்ளையம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். ஊரில் செக்கு ஆட்டும் குடும்பத்துப் பெண். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க தாயி, வாங்க. நேத்து வெள்ளிக்கெழம. நல்ல நாள் பாத்து எண்ணெய்க் காப்பு சாத்திப்புட்டோம். இனிமே ஒங்க காகிதம் ஒட்டாம எங்கிட்டுப் போகும்னு பாப்போம்.”

கையில் இருந்த காகிதச் சுருளோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எழுத்தைப் படி எடுக்க ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்ட வேண்டும்; எண்ணெய் படிந்த கல்லில் அது ஒட்டாது. அது எனக்குத் தெரியும், என் பேராசிரியருக்குத் தெரியும். ஊரிலே யாருக்கும் தெரியாது.

தையில் கல்யாணம்

முந்திய இதழ்களைப் பார்க்காதவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் யாழ்ப்பாணத்துக்காரி. அப்பா தபால் அதிபர். கொழும்பில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு நடந்த கதை இது.

எங்கள் பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். பட்டப்படிப்பைத் தொடர விரும்புகிறவர்கள் ஒரு தவணை, அதாவது மூன்று மாதம், முழுக்கக் கல்வெட்டு உள்ள இடத்துக்கே போய் வேலை செய்ய வேண்டும். பையன்கள் அநுராதபுரம் போனார்கள். எனக்குக் கிரந்தமும் கொஞ்சம் வீணையும் தெரியும் என்பதால், “புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதை ஓர் எழுத்து விடாமல் மைப்படி எடுத்துவந்தால் உன்னைத் தொடரவிடுகிறேன்” என்றார். சொல்லிவிட்டு என் சேலையையும் செருப்பையும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், இவள் எங்கே பாறை ஏறப் போகிறாள் என்பது.

புதுக்கோட்டைக் கல்லூரியில் ஒரு தவணை என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதற்குள் மலாயாவில் கிளார்க் வேலை பார்க்கும் ஒருவரின் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்து பொருந்தியும் போயிருந்தது.

அப்பா கடைசியில் ஒரு முடிவு சொன்னார். “புரொபசர் சரியெண்டு எழுதித் தந்தால் படி. இல்லையெண்டால் தையில் கல்யாணம்.”

மலாயாக் கிளார்க்கை நான் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை வயிற்றுப்பசியாகவே இருந்தது எனக்கு.

ஊரில் எங்கள் உறவுப் பையன்கள் லண்டனுக்குப் படிக்கப் போய்க் கோட்டுப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார்கள். நான் தலைமன்னாரில் கப்பலேறி, இரண்டு பிஸ்கட் தின்று முடிப்பதற்குள் தனுஷ்கோடியில் இறங்கிவிட்டேன். ஆனாலும் கடல் கடல்தானே. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவள் என்ற பெயர் எனக்கும் கிடைத்தது.

நூல் பிடித்த ஊர்

புதுக்கோட்டைப் பட்டணத்தை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். தெருக்களை நூல் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழ இரண்டாம் வீதி, கீழ மூன்றாம் வீதி, வடக்கே அதேபோல், மேற்கே அதேபோல். இவ்வளவு ஒழுங்கான ஊரில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அந்தத் திறமை இருந்தது. முதல் வாரம் முழுக்க ஏதோ ஒரு மூன்றாம் வீதியில் நின்றுகொண்டு வேறு மூன்றாம் வீதியைத் தேடினேன்.

தங்கியது ஆரோக்கியமேரி டீச்சர் வீட்டில். அவருக்கு ஆவூர்ப் பக்கம். அங்கே பழைய மாதா கோயிலைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர். பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. முப்பது வயது இருக்கும். தனி ஆள். நடந்தால் தெருவே விலகும். அவர் வீட்டில் ஒரு ஹார்மோனியம், ஒரு கறுப்புக் குடை, சாகாவரம் பெற்ற ஒரு பூனை.

“சிலோன்ல என்ன சாப்பிடுவ?” என்றார் வந்த அன்றே. புட்டும் சம்பலும் என்றேன். மறுநாளே தேங்காய் வாங்கிவந்து திருவிப் போட்டு, மிளகாயை இடித்து, தானாக ஒரு சம்பல் செய்துவைத்தார். அது சம்பல் இல்லை. ஆனால் மூன்று மாதமும் நான் அதைச் சம்பல் என்றே சொல்லிச் சாப்பிட்டேன்.

கல்லூரியில் வகுப்புக்குள் பெண்கள் நாங்கள் மூன்றே பேர். எங்களுக்குத் தனி பெஞ்சு. நான் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்று சொல்வதைக் கேட்க, பின்பெஞ்சுப் பையன்கள் வேண்டுமென்றே ஆமாம் வருகிற கேள்விகளாகக் கேட்பார்கள். நானும் சளைக்கவில்லை, ‘ஓம்’ என்று உரக்கவே சொன்னேன். ஒரு மாதத்தில் அவர்களே ஓம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆங்கில வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுத்தபோது ஒருவன் வாய் தவறி ‘ஓம் சார்’ என்றதும் வகுப்பே சிரித்து விழுந்தது.

வெள்ளிக்கிழமைத் தலை

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் தேவைப்படும்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை மேரி டீச்சர் என்னைப் பிடித்து மணையில் உட்காரவைத்தார். கிண்ணத்தில் எண்ணெயைச் சுடவைத்து உச்சந்தலையில் தட்டினார். காதோரம் வழிந்தது, கழுத்தில் வழிந்தது. அரைமணி நேரம் ஊறவிட்டு, ஒரு பச்சைத் தூளைக் கஞ்சியாகக் குழைத்துத் தலையில் அப்பினார்.

“இது என்ன?” என்றேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

“அரப்பு. மரத்து எலையக் காயவச்சு இடிச்ச தூளு. எண்ணெய எடுக்க இத விட்டா வேற எது? அப்பறம் சீயக்கா. கண்ணத் தொறக்காத!”

நான் திறந்தேன். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நான். அன்று பகல் முழுக்கக் கண் சிவந்து அழுதுகொண்டே கல்லூரியில் உட்கார்ந்திருந்தேன். சிலோன் பெண் வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பையன்கள் அனுதாபப்பட்டார்கள்.

ஆனால் மாலையில் தலையைத் தொட்டுப் பார்த்தால் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. முடி பஞ்சாகப் பறந்தது. அந்தப் பச்சை வாசனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்று சனிக்கிழமைகள்

மைப்படி எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாறையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரமாக்கிய காகிதத் தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து அதன் மேல் ஒட்ட வேண்டும். கெட்டியான தூரிகையால் தட்டத் தட்டக் காகிதம் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். அரைகுறையாகக் காய்ந்ததும், துணிப்பந்தை மையில் தோய்த்து மேலே ஒற்றி எடுக்க வேண்டும். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழுந்து வரும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? எனக்கும் கொழும்பில் அப்படித்தான் இருந்தது.

பாறை முழுவதையும் நான்கு தடவை மூடும் அளவுக்குக் காகிதம் கொண்டுவந்திருந்தேன். அந்தக் காகிதம் இங்கே கடையில் கிடைக்கிற சரக்கில்லை.

முதல் சனிக்கிழமை தண்ணீர் அதிகமாகிக் காகிதம் கூழாயிற்று. இரண்டாவது முறை ஆடி மாதம். பாதி ஒட்டி முடித்தபோது ஒரு காற்று வந்தது. தாள்கள் எல்லாம் கிளம்பிப் போய்க் கீழே மரத்தில் உட்கார்ந்தன. மூன்றாவது முறை உச்சிவெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கொதித்து, நான் மை தொடுவதற்குள் காகிதம் காய்ந்து சுருண்டு உதிர்ந்தது.

இந்த மூன்று தடவையும் வெள்ளையம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே பாறையில் செதுக்கிய ஒரு வலம்புரிப் பிள்ளையார் உண்டு. அவர் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வெள்ளையம்மா வாரம் தவறாமல் வருவார். வந்தால் போக மாட்டார். எண்ணெய்த் தூக்குப் போணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து என்னைப் பார்ப்பார்.

நான் என்ன செய்கிறேன் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தைப் படி எடுக்கிறேன், கொழும்புக்குக் கொண்டுபோவேன் என்றேன். “சரி தாயி” என்று தலையாட்டினார். ஆனால் அவர் கண்ணால் கண்டது வேறு. கடல் தாண்டி ஒரு கன்னிப்பெண் வந்திருக்கிறாள். கல்லைக் குளிப்பாட்டுகிறாள். வெள்ளை சாத்துகிறாள். மையால் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சாமி அதை உதறிவிடுகிறது. இவள் என்ன சொன்னாலும் இது வேண்டுதல் இல்லாமல் வேறென்ன?

வேண்டுதல் என்றால் ஏன் பலிக்கவில்லை? எங்கோ முறை தப்பியிருக்கிறது. பக்கத்துப் பிள்ளையாருக்கு எண்ணெய்க் காப்பு உண்டு. இந்தக் கல்லுக்கு எண்ணெயே வைக்காமல் நேரே தண்ணீரை ஊற்றினால் எந்தச் சாமிதான் ஏற்றுக்கொள்ளும்?

இப்படி யோசித்துத்தான், என் மேல் இருந்த பிரியத்தினால், அவர் வீட்டுச் செக்கிலிருந்து ஒரு குடம் எண்ணெயை மேலே சுமந்துவந்திருக்கிறார்.

“ஆர் சொன்னது?”

இப்போது படியில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் திரும்புவோம். அதுதான் கடைசிச் சனிக்கிழமை. திங்களன்று எனக்கு ரயில். கையில் ஒரே ஒரு தடவைக்கான காகிதம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எழுந்தேன், கத்தினேன்.

“என்ன வேலை செய்துபோட்டியள்! ஆர் உங்களை எண்ணெய் பூசச் சொன்னது? எல்லாம் நாசமாய்ப் போச்சுது! இனி நான் என்னெண்டு கொழும்புக்குப் போறது?”

கோபம் வந்தால் என் யாழ்ப்பாணத் தமிழ் வேகம் பிடித்துவிடும். நான் சொன்னதில் பாதி வெள்ளையம்மாவுக்குப் புரியவில்லை. அதற்காக நான் இன்றுவரை சந்தோஷப்படுகிறேன். ஏனென்றால் அந்தப் பாதி சொல்லத் தக்கதாக இல்லை.

வெள்ளையம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. தூக்குப் போணியைக் கீழே வைத்தார். “நல்லதுன்னு நெனச்சுத்தான் தாயி செஞ்சோம்” என்றார் சின்னக் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. ஒரு குடம் நல்லெண்ணெய் என்றால் ஒரு வீட்டில் எத்தனை நாள் உழைப்பு. அதை எனக்காகக் கொட்டியவரிடம் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

சத்தம் கேட்டு மெய்க்காவல் அடைக்கலம் ஓடிவந்தார். கோயிலைக் காவல் காப்பவர். என்ன நடந்தது என்று கேட்டார். காகிதம் ஒட்டாது, படி எடுக்க முடியாது, என் படிப்பு போச்சு, தையில் கல்யாணம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விக்கி விக்கிச் சொன்னேன்.

வெள்ளையம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

“அப்ப எண்ணெய் இருக்கதுதான் கொறயா?”

“ஓம்.”

“எண்ணெய் போயிட்டா ஒட்டுமா?”

“ஓம். ஆனால் எப்படிப் போகும்? ராத்திரி முழுக்க ஊறியிருக்கே.”

வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. “இதுக்குத்தான் இம்புட்டு அழுகையா? எண்ணெய் தேச்சவளுக்குத் தலை முழுக்காட்டத் தெரியாதா? ஏன் ஆத்தா, ஒங்க ஊர்ல எண்ணெய் தேச்சா அப்படியேவா திரிவீங்க?”

அரப்பு வந்தது

அவர் படியிறங்கிப் போன வேகத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. கால்மணி நேரத்தில் தெரு முழுக்கத் திரண்டு மேலே வந்துவிட்டது. ஒருத்தி சீயக்காய்த் தூள், ஒருத்தி முறத்தில் அரப்பு, நான்கு பேர் வெந்நீர்ப் பானை. ஒரு பெண் பாத்திரம் தேய்க்கும் செங்கல் தூளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். “ஐயோ, அது வேண்டாம்! எழுத்துத் தேய்ந்துபோகும்! கையால் மட்டும், துணியால் மட்டும்!” என்று நான் ஓடிப்போய் மறித்தேன்.

“பச்சப்புள்ளைக்குத் தேய்க்கிற மாரி தேய்ங்கடி” என்று வெள்ளையம்மா அதட்டினார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வந்திருக்காது.

சனிக்கிழமைதோறும் எனக்குத் துணையாக வரும் மேரி டீச்சர் வழக்கம்போலக் கீழே வேப்பமரத்தடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். கோயில் எல்லைக்குள் அவர் வருவதில்லை. கூட்டம் மேலே போவதைப் பார்த்துப் பதறி, பாதிப் படி ஏறி நின்றுவிட்டார்.

“அடைக்கலம், நான் அங்கிட்டு வரலாமா?”

அடைக்கலம் தலையைச் சொறிந்தார். பாறையைப் பார்த்தார், கர்ப்பக்கிரகம் இருந்த திசையைப் பார்த்தார். “சாமி உள்ள இருக்கு டீச்சரம்மா. பாறை வெளியதான இருக்கு. வாங்க.”

மேரி டீச்சர் குடையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அரப்புக் கஞ்சியில் கை வைத்தார்.

பாறை நுரைத்தது. வெந்நீர் ஊற்ற ஊற்றப் பச்சை நுரை வரிவரியாக இறங்கியது. நான் முழங்கால் வரை நனைந்து, எழுத்துப் பள்ளங்களைத் துணிமுனையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

“இதுல என்னதான் தாயி எழுதியிருக்கு?” என்றார் ஒருவர்.

“பாட்டு. ஸ்வரம்.”

“பாட்டா? அப்பப் பாடுங்க!”

என் குரலைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் நான் எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தேன். மேரி டீச்சர் மாதா கோயில் பாடகர் குழுவில் தேறியவர். நான் படித்ததைத் தன் மனம்போன ஒரு மெட்டில் பாட ஆரம்பித்தார். கல்வெட்டை வெட்டியவர் நினைத்த மெட்டு அது இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்வரத்துக்கு ஒரு தேய்ப்பு, ஸ்வரத்துக்கு ஒரு தேய்ப்பு. அன்று அந்தக் குன்றில் நான் அனுபவித்த சந்தோஷம் எனக்கு அதற்கு முன் தெரியாதது. அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் அரப்பு ஒரு துளி கண்ணில் தெறித்தது. இந்த முறை பழகிவிட்டிருந்தது.

சேலைப் பந்தல்

குளியல் முடிந்து பார்த்தால், எண்ணெயோடு நாட்பட்ட அழுக்கும் புகையும் பாசியும் சேர்ந்து போயிருந்தன. நான் மூன்று தடவையும் கண்ணைக் கசக்கிப் பார்த்தும் தெரியாத எழுத்துகள் தெளிவாக நின்றன.

ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிட்டது. போன தடவை காகிதம் சுருண்டது இந்த வெயிலில்தான். மேலே பார்த்தேன். என் பார்வை போன இடத்தை வெள்ளையம்மாவும் பார்த்தார்.

துணி காயப்போடும் மூங்கில்கள் வந்தன. அவற்றின் நுனிகளில் நான்கு சேலைகளை முடிந்து, எட்டுப் பெண்கள் பாறைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். கண்டாங்கிச் சிவப்பும் பச்சையுமாக ஒரு பந்தல். வெயிலும் வரவில்லை, காற்றும் வரவில்லை. கை வலித்தபோது ஆள் மாறினார்கள், பந்தல் மாறவில்லை.

நான் தாள் தாளாக ஒட்டினேன். தட்டினேன். அடைக்கலம்கூட, மையைத் தொட மாட்டேன் என்று அதுவரை விலகி நின்றவர், நான் ஏறியிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டார். மையை ஒற்றத் தொடங்கியதும் முதல் வரி எழுந்தது. அடுத்து இரண்டாவது. ஒவ்வொரு வரி வெளுத்து வரும்போதும் பின்னாலிருந்து ஒரு “ஆங்!” கேட்கும்.

கடைசித் தாளை உரித்து எடுத்தபோது ஒரு கிழிசல் இல்லை. வெள்ளையம்மா வாயில் கைவைத்துக் குலவை போட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வளைகாப்பு நடந்தால்கூட அவ்வளவு சத்தம் இருக்காது.

என்ன வேண்டுதல்?

சாயங்காலம் எல்லோரும் படியில் உட்கார்ந்து எள்ளுருண்டை தின்றோம். செக்கு வீட்டு எள்ளுருண்டை, கையெல்லாம் எண்ணெய். காகிதச் சுருளை மேரி டீச்சர் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னைத் தொடவிடவில்லை.

“இப்பவாச்சும் சொல்லுங்க தாயி. என்ன வேண்டிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்றார் வெள்ளையம்மா.

வேண்டுதல் இல்லை, ஆராய்ச்சி என்று நான்காவது முறையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு யோசித்தேன். உண்மையில் வேறென்ன?

“கல்யாணம் தள்ளிப்போக வேணும் எண்டு” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். “கல்யாணம் கூடி வரணும்னு கோயிலச் சுத்துனவுகள எம்புட்டோ பாத்திருக்கேன். தள்ளிப்போகணும்னு வந்தது நீங்க ஒருத்திதான்” என்றார் வெள்ளையம்மா.

சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் என் பக்கத்திலேயே இருந்தார். கையில் ஒட்டியிருந்த எள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, “எம் மகளுக்குப் பன்னெண்டு முடியப் போகுது. பொண்ணு கேட்டு வந்துக்கிட்டு இருக்காக” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தள்ளிப்போகணும்னு கேட்டாலும் சாமி குடுக்குமா தாயி?”

“தெரியாது அக்கா. பலிச்சுதோ எண்டு போய் எழுதுறேன்” என்றேன்.

இரண்டு கடிதங்கள்

கொழும்பில் பேராசிரியர் மேசை மேல் தாள்களை விரித்தார். குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படித்தார். அப்புறம் நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சி, “என்ன வாசனை இது? எந்த மருந்தால் கழுவினாய்?” என்றார்.

“அரப்பு, சேர்” என்றேன். அவருக்கு அது புரியவில்லை. ஆனால் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் துண்டுக் காகிதத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா மலாயாவுக்கு எழுதினார். அந்தக் கிளார்க் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் மேரி டீச்சருக்கு எழுதிய முதல் கடிதம் ஒரே வரிதான். ‘பலித்துவிட்டது என்று வெள்ளையம்மா அக்காவிடம் சொல்லுங்கள்.’

அவர் பதில் பல வாரங்கள் கழித்து வந்தது. அதிலிருந்து அப்படியே தருகிறேன்.

‘நீ சொன்னதை வெள்ளையம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமையே ஒரு குடம் எண்ணெயோடு மலையேறிப் பாறைக்குக் காப்பு சாத்திவிட்டாள். அடைக்கலம் குதிகுதியென்று குதித்தானாம். போன வாரம் ஒரு நாள் காலை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கையைப் பிடித்தபடி மகள். பிள்ளைக்குத் தலையெல்லாம் எண்ணெய் வழிய வாரி, இறுக்கிப் பின்னியிருந்தது. “கேட்டு வந்தவுகள வேண்டாம்னுட்டோம் டீச்சரம்மா. இத வச்சுக்கங்க” என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பிள்ளை என் வீட்டில்தான் இருக்கிறாள், உன் பாயில் படுக்கிறாள். இன்னொன்று. வெள்ளையம்மா எண்ணெய் கொண்டுபோகிற ஊரிலெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். இந்த மாதம் இன்னும் இரண்டு பெண்கள் வந்து பாறைக்கு எண்ணெய் வைத்தார்களாம்.’

கல்வெட்டைக் காப்பாற்ற வேண்டிய ஒருத்தி அதைப் படித்ததும் தலையில் கைவைத்திருக்க வேண்டும். நான் விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு துள்ளினேன்.

அதனால் இப்போது அங்கே மைப்படி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பாறையில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தால் என்னைப்போலக் கத்தாதீர்கள். அரப்பும் வெந்நீரும் போட்டால் போய்விடும். அதை ஊற்றிவிட்டுப் போனவள் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண், அல்லது அவளைப் பெற்றவள்.